ரப்பர் விளையில் இலையுதிர் காலம்: நான்கு படப் புத்தகங்கள், ஆறு வருடம்

வீட்டில் இலையுதிர் காலத்தைப் பற்றிய குழந்தைகள் படப் புத்தகம் நான்கு உண்டு. ஒன்று இப்போது கைவசம் இல்லை, அது வேறு கதை. எதையும் திட்டம் போட்டு வாங்கவில்லை. முதலாவது 2019 அக்டோபரில் துபாயிலிருந்து வந்த தம்பியின் பெட்டியில், பால்பவுடர் டப்பாவுக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் கிடந்தது. கெட்டி அட்டை, பக்கத்துக்குப் பக்கம் தூக்கிப் பார்க்கிற மூடி. அப்போது மகளுக்கு இரண்டு வயது, இப்போது எட்டு. அவளுக்குப் பின் வந்தவனுக்கு நான்கு. இரண்டு பேர் கையிலும் அடிபட்டு மிஞ்சிய புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கன்னியாகுமரி மாவட்டம், குலசேகரம் பக்கம். களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. முதல் புத்தகத்தைப் பிரித்த அன்று ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருந்தது. படத்தில் மரமெல்லாம் மஞ்சள், கடைசிப் பக்கத்தில் வெறும் கிளை. வெளியே எங்கே பார்த்தாலும் பச்சை, மதில் சுவரில்கூடப் பாசி. மகள் கடைசிப் பக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மரத்துக்கு மொட்ட போட்டாச்சா?" என்றாள். முந்தின மாதம்தான் திருச்செந்தூரில் அவளுக்கு மொட்டை போட்டிருந்தோம். அன்றிலிருந்து அது மொட்டை மரப் புத்தகம்.

முதல் இரண்டு வருடம் நான் செய்த முட்டாள்தனம், அட்டையில் போட்டிருக்கிறதே என்று அதை அக்டோபரிலேயே படித்துக் காட்டியது. நம் ஆறு பெரும்பொழுதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். குளிரும் மழையுமான காலம், இலை உதிர்வதற்கு அங்கே இடமே இல்லை. பிள்ளைக்குப் படத்தில் இருப்பது ஏதோ ராட்சசன் கதை மாதிரிதான் இருந்தது. கேட்டாள், சிரித்தாள், மறந்துபோனாள்.

வழி காட்டியது பாட்டா. என் அப்பாதான், பிள்ளைகளுக்குப் பாட்டா. முப்பது வருடத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியவர். 2022 ஜனவரியில் ஒருநாள் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம விளைல்லா" என்றார். எங்கள் பக்கம் தோட்டத்தை விளை என்போம். சரிதான். டிசம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரைக்கும் ரப்பர் இலை உதிர்க்கும். ஒரு காம்புக்கு மூன்று இலை. மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, சில மரங்களில் நல்ல சிவப்பாகவே மாறி விழும். மகளைக் கூட்டிக்கொண்டு போனோம். கணுக்கால் அளவுக்கு இலை கிடந்தது. நடந்தால் அப்பளம் நொறுக்குகிற சத்தம். பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டை ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைத்திருந்தார் பாட்டா. "மரம் இல மாத்துத நேரம் மக்கா, இப்ப வெட்டு கிடையாது." மரம் ஓய்வெடுக்கிறது என்று புத்தகத்தில் இருந்த வரி அவளுக்குப் புரிந்தது அந்தக் கவிழ்த்த சிரட்டையைப் பார்த்துத்தான்.

அங்கே ஏன் அக்டோபர், இங்கே ஏன் ஜனவரி என்று அவள் கேட்க இன்னும் ஒரு வருடம் ஆனது. நான்கு புத்தகத்திலும் அதற்குப் பதில் இல்லை. குளிர்நாட்டு மரத்துக்குப் பகல் குறுகுவதுதான் முக்கியமான அடையாளம். லண்டனில் ஜூன் பகல் பதினாறரை மணி நேரம், டிசம்பரில் எட்டுகூட இல்லை. நமக்கு இரண்டுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே ரப்பர் உதிர்வது மழை ஓய்ந்து வறட்சி தொடங்குகிற மாதங்களில். நிறத்தைப் பற்றியும் புத்தகங்கள் 'இலை புதுச் சட்டை போட்டுக்கொண்டது' என்று பூசி மெழுகுகின்றன. மஞ்சள் இலைக்குள் முன்பே இருப்பதுதான், பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்புதான் பெரும்பாலும் கடைசி நேரத்தில் புதிதாக உண்டாவது. வாசலில் ஒரு வாதாங்கொட்டை மரம் நிற்கிறது. அதன் சிவந்த இலை ஒன்றையும் பழுத்த ரப்பர் இலை ஒன்றையும் கையில் கொடுத்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லிவிடலாம்.

பிப்ரவரியில் துளிர் வரும், செப்புப் பாத்திர நிறத்தில். மூன்று இலையும் சேர்கிற இடத்தில் தேன் சுரக்கும். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தேன்பெட்டி கொண்டுவந்து இறக்குவார்கள். மொட்டை மரப் புத்தகத்தில் வசந்தத்துக்கு ஒரே பக்கம்தான், ஒரு முயலும் நான்கு பூவும். எங்களுக்கு அந்தப் பக்கம் ஒரு மாதம் ஓடுகிறது.

அணில் புத்தகமும் பூசணிப் புத்தகமும் தமிழாக்கங்கள். நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அணில் குளிர்காலத்துக்கு ஓக் கொட்டை புதைக்கும், மகன் போய் நம் முதுகுக்கோட்டு அணிலைத் துரத்தி அதன் கொட்டை எங்கே என்று கேட்பான். பூசணிப் புத்தகத்தில் வாசற்படியில் கண், வாய் வைத்துச் செதுக்கிய பூசணி. "யாருக்குக் கண்ணு பட்டிச்சு?" என்றான். கேள்வி நியாயமானது, நம்மூரில் பூசணிக்குக் கண்ணும் மூக்கும் வரைவது திருஷ்டிக்குத்தானே. மொழிபெயர்த்தவர் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நான்கில் எனக்குப் பிடித்தது குருவிப் புத்தகம். இலை உதிரும்போது தகைவிலான் குருவிகள் கம்பியில் கூட்டமாக உட்கார்ந்து, ஊரைவிட்டுக் கிளம்புகின்றன. ஒரு பெண் குழந்தை கையசைத்து அனுப்பிவைக்கிறாள். சோகமான முடிவு, அந்த ஊரில் இருப்பவர்களுக்கு. நாமோ பறவை வந்து சேருகிற ஊர்க்காரர்கள். இங்கிலாந்துத் தகைவிலான் தென்னாப்பிரிக்கா வரை போகிறது. நம் கம்பியில் உட்காருவது இமயமலை, வட ஆசியப் பக்கத்திலிருந்து வருவது. இனம் ஒன்றுதான், பிளவுபட்ட வாலும் செந்நிறத் தொண்டையும் அதேதான். ஒரு டிசம்பரில் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு தேரூர் குளத்துக்குப் போனோம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பிறகு வண்டி நிறுத்தி வேடிக்கை பார்க்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வயல் மேல் தாழப் பறந்த குருவிகளைக் காட்டினேன். மகள் புத்தகத்தில் இருக்கிற சிறுமியின் படத்தைத் திறந்து அந்தப் பக்கமாகப் பிடித்து, "இங்க வந்தாச்சு, அழாத" என்றாள்.

இனி குறை. 2023-ல் விளையில் பாதி மரத்துக்கு வயதாகிப் பால் வற்றியது. விற்றுவிட்டோம். நான்கே நாளில் அறுத்து, பெரும்பாவூர் பிளைவுட் கம்பெனிகளுக்கு லாரி ஏற்றினார்கள். அடிக்கட்டைகளை ஜேசிபி பிடுங்கியது. அது மாசி மாதம், மீதி மரங்களில் அப்போதுதான் துளிர். மொட்டை மரப் புத்தகம், காத்திருந்தால் எல்லாம் திரும்பி வரும் என்று முடியும். நான்கு வருடமாக நான்தான் அதை அவளுக்குப் படித்துக்காட்டியிருக்கிறேன். அவள் வெட்டின இடத்தில் நின்று, இது எப்போது துளிர்க்கும் என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. பாட்டாதான் சொன்னார்: "இது துளிர்க்காது மக்கா. வேற தை வைக்கணும்." தை மாதமா என்று கேட்டாள். எங்கள் பக்கம் கன்றைத் தை என்போம். பால் வெட்ட ஏழு வருடம் ஆகும் என்றார். விரல் விட்டு எண்ணி, "நான் எட்டாங்கிளாஸ் படிப்பேன்" என்றாள். அப்புறம் சில மாதம் அந்தப் புத்தகத்தை அவள் தொடவில்லை.

நான்கு புத்தகமும் இதே இடத்தில்தான் இடறுகின்றன. மாற்றம் என்றாலே போனது திரும்பி வரும் என்பதுதான் அவற்றின் ஆறுதல். போனது போனதுதான், அந்த இடத்தில் வேறொன்று வரும் என்று ஒரு பக்கம்கூட இல்லை. பருவத்தைச் சொல்லிக்கொடுக்கத் தாராளமாக வாங்கலாம். வீட்டில் ஒரு சாவு நடந்த நேரத்தில் இதை எடுத்துப் பிள்ளைக்குப் படிக்காதீர்கள், அது காத்துக்கொண்டே இருக்கும்.

நீடித்து உழைப்பதைப் பொறுத்தவரை, கெட்டி அட்டை நம் ஈரத்துக்குத் தோது இல்லை. இரண்டாம் மழைக்காலத்திலேயே மூலைகள் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்தன. மூடிகளில் பாதி மகன் வயிற்றில். பளபளப்புத் தாள் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன, பிரித்தால் அணிலின் வால் எதிர்ப்பக்கம் வந்துவிடுகிறது. கம்பிப் பின் அடித்த புத்தகத்தில் துரு. தையல் போட்ட சாதாரணத் தாள் புத்தகம்தான் நின்றது. ஒருமுறை பூசணிப் புத்தகம் ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காயவைக்கும் அறையில் ஒரு வாரம் மறந்து கிடந்தது. இன்றும் திறந்தால் ரப்பர் புகை நாற்றம். ஆனால் ராமபாணப் பூச்சி அதை மட்டும் தொடவில்லை. யாரும் செய்து பார்க்க வேண்டாம்.

காசு கொடுக்க யோசிப்பவர்கள் பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தைப் பார்க்கலாம். தமிழில் இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், நாமே மொழிபெயர்க்கவும் செய்யலாம். நான் திரும்ப வாங்குவதென்றால் குருவிப் புத்தகம் ஒன்றைத்தான் வாங்குவேன். வாங்கவேண்டியும் இருக்கிறது. போன டிசம்பரில் நாத்தனார் மகன் கேட்டான் என்று கொடுத்தேன். தகைவிலான்கள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி, எதிர்வீட்டுக் கம்பியில் வந்து உட்கார்ந்தாயிற்று. புத்தகம் இன்னும் வரவில்லை.