பிபி மெஷின் பொய் சொல்கிறது என்று திருப்பி அனுப்பப் பார்த்தேன்

முதல் நாள் காலை 148/92. ஒரு நிமிடம் கழித்து 141/88. இன்னொரு தடவை பார்த்தால் 134/86. முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஒரே கேள்விக்கு மூன்று விடை எழுதினால் முட்டைதான் போடுவேன். அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன், பெட்டியைக் கிழித்துவிட்டதால் மெஷின் தப்பித்தது.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன்.

இது மேல்கையில் சுற்றுகிற வகை. பட்டை இறுகி, பிறகு மெல்லத் தளரும்போது கைக்குள் நாடி தொம் தொம் என்று முட்டுவது நமக்கே தெரியும். அந்த அதிர்வைத்தான் மெஷின் படிக்கிறது. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது சத்தத்தை. 1905-ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர் சொன்ன முறை அது. இதற்குக் காது கிடையாது. அதிர்வு உச்சத்துக்குப் போகிற இடத்தைப் பிடித்து, மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. நடுவில் பேசினால், கையை ஆட்டினால் கணக்கு தப்பும்.

ஆனால் என் மூன்று நம்பருக்குக் காரணம் மெஷின் இல்லை, நான்தான். மாடியேறி வந்த கையோடு பட்டையைச் சுற்றியிருக்கிறேன். கழுத்தின் பெரிய தமனியிலும், இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. குழாய்ச் சுவர் எவ்வளவு விரிகிறது என்று துடிப்புக்குத் துடிப்பு மூளையின் அடித்தண்டுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து இதயத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் உத்தரவு போகும். உடம்பு அந்த நேரத்தில் அளவை இறக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நம்பாமல் ஒரு நாள் சோதித்தேன். படுத்தபடி 128/78, நாடி 66. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 125/83, நாடி 81. எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடும். அப்படியும் மேல் எண் மூன்றுதான் குறைந்தது. அதற்கு யார் உழைத்தது என்பது நாடியில் தெரிகிறது. அதுவரை அந்த மூன்றாவது எண்ணை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை! நின்றவுடன் வரும் முதல் சறுக்கல் மட்டும் மெஷினுக்குச் சிக்காது. அது அரை நிமிடத்துக்குள் சரியாகிவிடும். மெஷின் ஒரு தடவை அளக்கவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் ஆகிறது.

நரம்பின் வேலை நொடிக்கணக்கு. சிறுநீரகத்தின் வேலை மணிக்கணக்கு, நாள்கணக்கு. அழுத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அதனால் உருவாகும் ஆஞ்சியோடென்சின் குழாய்களை இறுக்கும், அது தூண்டிவிடும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் உப்பைப் பிடித்து வைக்கும், உப்போடு தண்ணீரும் தங்கும். என் மாத்திரை இந்தச் சங்கிலியில் கைவைக்கிற வகை. அது வேலை செய்கிறதா என்று ஒரு காலை அளவில் தெரியவில்லை. மெஷினின் மெமரியில் இருந்ததை வாரவாரியாகச் சராசரி போட்டபோதுதான் 144 மெல்ல 131-க்கு வந்தது தெரிந்தது. மெமரி இல்லாத மாடலை வாங்காதீர்கள்.

குறைகளுக்கு வருகிறேன். கூட வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுக்கு. என் கை 35. சின்னப் பட்டை அளவை ஏற்றிக் காட்டும் என்று தெரியாமல் இரண்டு வாரம் கவலைப்பட்டேன். பெரிய பட்டையைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. கையேட்டில் பேட்டரி போட நான்கு படம். ஐந்து நிமிடம் சும்மா உட்கார், முதுகைச் சாய்த்துக்கொள், பட்டை இதய மட்டத்தில் இருக்கட்டும் என்பது மட்டும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில். கையைத் தொங்கவிட்டு ஒருமுறை அளந்தேன், 9 கூடியது.

அப்புறம் அந்த பீப். அளந்து முடித்ததும் வீடே எழுந்துகொள்கிற மாதிரி அலறுகிறது, நிறுத்த வழியில்லை. விடிகாலையில் அது கத்தினால் வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்தே கத்துகிறார். இரண்டாவது அளவு ஏறிவிடுகிறது. ஒரு நட்சத்திரம் அதில்தான் போனது.