அம்மாச்சியின் மெஷின்: 22 வருட அனுபவம்

அம்மாச்சிக்குக் கல்யாணச் சீராக வந்த சிங்கர் தையல் மெஷின் இப்போது என்னிடம். 22 வருடமாக நான் மிதிக்கிறேன். மெஷின் தலையின் (மேஜைமேல் உட்காரும் இரும்புப் பாகம்) அடிப்பாகத்தில் பொறித்திருக்கும் எண்ணின் முதல் எழுத்துகளை வைத்து எந்த ஆலை, ஏறக்குறைய எந்த வருடம் என்று கண்டுபிடித்துவிடலாம். எங்களுடையது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க், 1950களின் தொடக்கம். அந்த ஆலையை 1980லேயே மூடிவிட்டார்கள்.

பார்ப்பவர்கள் எல்லாரும் "அந்தக் காலத்து இரும்பு" என்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கனமான இரும்புதான், தலையை மட்டும் தூக்கி வைத்தாலே இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஆனால் இதை ஓட வைப்பது எண்ணெய்த் துளைகளும் திருகுகளும். உரசுகிற இடத்தில் எல்லாம் ஒரு துளை, தேய்கிற இடத்தில் எல்லாம் முடுக்க ஒரு திருகு.

2011ல் ஒருமுறை சக்கரம் அசையாமல் இறுகிப்போனது. ஆறு மாதம் இரவல் வாங்கிப் போயிருந்த சித்தி, மெஷின் எண்ணெய் தீர்ந்ததும் தேங்காய் எண்ணெயை விட்டிருக்கிறாள். காயலாங்கடைக்குப் போடச் சொன்னான் அண்ணன். மெக்கானிக் வந்து, துளையில் விரலை வைத்து மோந்து பார்த்தார். "யாருக்கா சமையல் எண்ணெயை விட்டது?" தலையைப் பின்பக்கம் சாய்த்து ஒவ்வொரு துளையிலும் மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று போய்விட்டார். மறுநாள் காலையில் சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்க அசைக்க, பழுப்பாக வெல்லப்பாகு மாதிரி பிசின் வழிந்தது. பழைய வேட்டி ஒன்று அதைத் துடைத்தே தீர்ந்தது. ஒரு பாகமும் மாற்றவில்லை.

"இதுல பல்சக்கரமே கிடையாதுக்கா, உடைய என்ன இருக்கு?" என்றார். உண்மைதான். எங்களுடையது சிங்கரின் 15ஆம் ரகம். இதில் மேல் தண்டின் சுழற்சியை ஒரு கம்பி கீழே கொண்டுவந்து ஆட்டமாக மாற்றுகிறது. அந்த ஆட்டத்தில் கொக்கி முன்னும் பின்னும் அசைந்து, மேல்நூலைப் பிடித்து, அடிநூல் இருக்கும் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகிறது. அவ்வளவுதான் சங்கதி. நடுவில் ஆசைப்பட்டு வாங்கிய கரண்ட் மெஷின் ஒன்றில் (பெயர் வேண்டாம்) மூன்றாம் வருடம் நைலான் பல்சக்கரத்தில் ஒரு பல் போனது. அதை மட்டும் தனியாகத் தரமாட்டார்களாம், முழு செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். அது இப்போது பரண்மேல் இருக்கிறது.

பழையதற்கு இதுவரை நான் மாற்றியது நாலு தோல் பெல்ட், பாபின் சுற்றும் இடத்து ரப்பர் வளையம், ஒரு பாபின் கேஸ். ஊசிக்குக் கணக்கில்லை. இதே அச்சில் ஜப்பானிலும் இந்தியாவிலும் பல கம்பெனிகள் மெஷின் போட்டதால், பாபினும் ஊசியும் இன்றைக்கும் சாதாரணத் தையல் சாமான் கடையிலேயே கிடைக்கின்றன. உதிரி கிடைக்காமல் போயிருந்தால் எப்பேர்ப்பட்ட இரும்பும் எடைக்குத்தான் போயிருக்கும்.

நிறையப் போயும் இருக்கிறது. மதுரை மீனாட்சி கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்களே, அங்கே ஓடிய மெஷின்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்? நம் கண்ணில் படுவதெல்லாம் எண்ணெய் பார்த்து வைத்திருந்தவர்களின் மெஷின்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். நேர்த்தையல் தவிர எதுவும் வராது. லெகின்ஸ் மாதிரி இழுபடும் துணியில் தையல் விட்டுவிட்டு விழும், அதைக் கடைக்காரரிடம்தான் கொடுக்கிறேன். விளக்கு கிடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதித்தால் முழங்கால் வலிக்கிறது. அதற்கு மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை, எனக்கும் 50 தாண்டிவிட்டது.

இந்த வாரம் மழையில் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. கால் அங்குலம் வெட்டி, துளை போட்டு, கம்பிக் கொக்கியை மறுபடி மாட்ட வேண்டும். மகளின் யூனிபார்ம் பாவாடைக்கு மடிப்பு பிரிக்கிற வேலை வேறு காத்திருக்கிறது.