454 படகு எஞ்சினில் எம்.எஸ்.டி. மரைன் டிஸ்ட்ரிபியூட்டர்: சில சீசன்கள் ஓட்டிய அனுபவம்

மிஷிகனில் செயின்ட் கிளேர் ஏரியில் நான் ஓட்டும் படகில் இருப்பது மெர்க்குரூசரின் 454 பிக் பிளாக். 7.4 லிட்டர் வி8, கார்புரேட்டர் வைத்த பழைய மாடல். அதில் எம்.எஸ்.டி. கம்பெனியின் ப்ரோ-பில்லட் மரைன் (படகுக்கான) டிஸ்ட்ரிபியூட்டரையும் 6எம்-2எல் இக்னிஷன் பாக்ஸையும் போட்டுச் சில சீசன்கள் ஓடிவிட்டன. ஸ்பார்க் பிளக்குகளுக்கு முறைவைத்து மின்சாரத்தைப் பங்கிடுவது டிஸ்ட்ரிபியூட்டர், பொறியை உண்டாக்கிக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி அந்த பாக்ஸ்.

படகு என் கைக்கு வந்தபோது காருக்கான டிஸ்ட்ரிபியூட்டர்தான் இருந்தது. ஷெவி எஞ்சின் என்பதால் அளவு அப்படியே பொருந்தும், விலையும் குறைவு. அதைக் கழற்றுவதுதான் நான் செய்த முதல் வேலை. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுழலும் கையான ரோட்டர் சுற்றச் சுற்ற உள்ளே பொறி தெறித்துக்கொண்டே இருக்கும். காரில் பெட்ரோல் ஆவி கசிந்தால் காற்றோடு கலைந்துவிடும். படகிலோ அது காற்றைவிடக் கனமானது என்பதால் எஞ்சினுக்கு அடியிலேயே தேங்கிவிடும். மரைன் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிப் பார்த்தால் காற்றுத் துளைகளில் மெல்லிய உலோக வலை தெரியும். உள்ளே ஆவி பற்றினாலும் தீ வெளியே தாவாமல் அந்த வலை தடுத்துவிடும். பெட்ரோல் எஞ்சின் அறையில் இருக்கும் மின்சாமான்களுக்கு இந்தப் பாதுகாப்பு அமெரிக்காவில் சட்டப்படியே கட்டாயம். எஸ்.ஏ.இ. ஜே1171 என்ற தரக்குறியைப் பார்த்து வாங்குங்கள். இங்கே மட்டும் காசு பார்க்காதீர்கள், படகில் ஏறுவது நம் குடும்பம்.

இனி டைமிங், அதாவது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எத்தனை டிகிரி முன்பே பொறி அடிக்கவேண்டும் என்ற கணக்கு. அந்தப் பொறியை இன்னும் முன்கூட்டி அடிக்கவைப்பதுதான் அட்வான்ஸ். படகு எஞ்சினுக்கு ஓய்வே கிடையாது. கார் ஒரு வேகத்துக்கு வந்ததும் காலை லேசாக வைத்தால் போதும். படகோ எந்நேரமும் சுமை ஏற்றிய லாரி மலையேறுவதுபோலத்தான். அதனால்தான் காரில் லேசான சுமையில் டைமிங்கைக் கூட்டும் வாக்குவம் அட்வான்ஸ் இங்கே தேவைப்படுவதில்லை. கார் பந்தயக்காரர்கள் சொல்லும் 36, 38 டிகிரி கணக்கையும் அப்படியே கொண்டுவரக் கூடாது. டைமிங் மிஞ்சினால் எரிபொருள் தாறுமாறாக வெடிக்கும், அதுதான் நாக்கிங். எக்ஸாஸ்ட் இரைச்சலில் அந்தச் சத்தம் காதில் விழாது. தெரியவரும்போது பிஸ்டனில் ரிங் உட்காரும் இடம் உடைந்திருக்கும்.

எம்.எஸ்.டி.யில் மெக்கானிக்கல் அட்வான்ஸை (வேகம் கூடும்போது எடைகள் விரிந்து தரும் அட்வான்ஸ்) நம் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது இதுதான். ரோட்டரைக் கழற்றினால் இரண்டு எடைகள், இரண்டு ஸ்பிரிங்குகள். அவற்றுக்குக் கீழே புஷ் என்ற ஒரு சின்ன வளையம். எத்தனை டிகிரி அட்வான்ஸ் என்பதைத் தீர்மானிப்பது அந்த புஷ்தான். சிவப்பு 28, வெள்ளி நிறம் 25, நீலம் 21, கறுப்பு 18. நான் கறுப்பைப் போட்டேன். ஐடிலில் (எஞ்சின் சும்மா ஓடும்போது) 14, மேலே 18, மொத்தம் 32 டிகிரி. எந்த வேகத்தில் அட்வான்ஸ் தொடங்கி எங்கே முடியவேண்டும் என்பதை ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். ஒரு கனமான ஸ்பிரிங், ஒரு லேசான ஸ்பிரிங் போட்டிருக்கிறேன், 3000 ஆர்.பி.எம்.மையொட்டி முழு அட்வான்ஸும் வந்துவிடுகிறது. 34 டிகிரியும் வைத்துப் பார்த்தேன். ஜி.பி.எஸ்.ஸில் வேகம் கூடியதாகத் தெரியவில்லை, 32-க்கே திரும்பிவிட்டேன்.

இரண்டு ஸ்பிரிங்கையும் லேசாகப் போட்டால் என்ன ஆகும் என்பதைப் பலரும் சொல்வதில்லை. ஐடிலிலேயே அட்வான்ஸ் பாதி ஏறி நிற்கும். கியர் போட்டதும் ஆர்.பி.எம். இறங்கும், உடனே டைமிங்கும் இறங்கும், அதனால் ஆர்.பி.எம். இன்னும் இறங்கி எஞ்சின் நின்றுவிடும். படகுத்துறையில் மற்ற படகுகளுக்கு நடுவே நுழையும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கியர் போட்டபோதும் எடுத்தபோதும் டைமிங் ஒரே எண்ணில் நிற்கிறதா என்பதை டைமிங் லைட் (பொறி அடிக்கும்போதெல்லாம் மின்னி டைமிங்கைக் காட்டும் விளக்கு) அடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பிரிங்கை முடிவு செய்யவேண்டும்.

டைமிங் லைட் விஷயத்திலும் கவனம் வேண்டும். 6எம்-2எல் பாக்ஸ் 3000 ஆர்.பி.எம். வரை ஒவ்வொரு முறையும் பல பொறிகளை அடிக்கும். டிகிரியைத் திருகி வைக்கும் வகை லைட் அதில் குழம்பிவிடும். டேம்பர் (எஞ்சினின் முன்னால் சுழலும் கனமான சக்கரம்) மேல் டிகிரி டேப் ஒட்டிச் சாதாரண லைட்டால் பார்ப்பதே நம்பகமானது. பழைய எஞ்சினில் டேம்பரின் வெளி வளையம் நகர்ந்திருக்கவும் கூடும். அதனால் முதலில் பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் பிஸ்டன் ஸ்டாப் போட்டு டி.டி.சி.யை (பிஸ்டன் உச்சிக்கு வரும் புள்ளியை) உறுதி செய்துகொள்ளுங்கள்.

பாக்ஸில் உள்ள ரெவ் லிமிட்டர் (எஞ்சின் வேகம் எல்லை மீறாமல் தடுப்பது) இந்த ஏரிக்கு ரொம்ப அவசியம். செயின்ட் கிளேர் ஆழமில்லாத ஏரி, காற்றடித்தால் குட்டையான அலைகள் நெருக்கமாக எழும். ஒரு அலையிலிருந்து படகு தாவும்போது ப்ரொபெல்லர் வெளியே வந்து எஞ்சின் ஒரேயடியாகச் சீறும். லிமிட்டரை 5200-க்கு வைத்திருக்கிறேன், அங்கேயே பிடித்துவிடுகிறது.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. குளிர்காலம் முழுக்கப் படகு கரையில் கிடப்பதால் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியான கேப்புக்குள் ஈரம் கோக்கும். மே மாதம் தண்ணீரில் இறக்கும் முன் கேப்பைக் கழற்றி, முனைகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பித்தளை முனை உள்ள கேப் இதற்கு எவ்வளவோ தாங்கும்.

எஞ்சினைத் தொடாமல் கம்பெனி அமைப்பிலேயே ஓட்டுகிறவர்களுக்கு டெல்கோ இ.எஸ்.டி. (மின்னணு முறையில் டைமிங்கை மாற்றும்) டிஸ்ட்ரிபியூட்டரே போதும் என்பேன். அதில் எடையோ ஸ்பிரிங்கோ இல்லை, அட்வான்ஸை உள்ளே இருக்கும் மாட்யூலே கொடுக்கும். அடிப்படை டைமிங் வைக்கும்போது மட்டும் ஜம்பர் வயரால் மாட்யூலைப் பூட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தப்பான எண்தான் காட்டும். எதை வாங்கினாலும், டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் கேம்ஷாஃப்ட் எந்த வகை என்று பார்த்துக்கொண்டு அதற்கேற்ற கியரைக் கேளுங்கள். சாதாரண வார்ப்பிரும்பு கேமுக்கு இரும்பு கியர், ஸ்டீல் ரோலர் கேமுக்கு மெலனைஸ்டு (மேற்பரப்பைக் கடினமாக்கிய) கியர். மாறிப்போனால் கியர் தேய்ந்து, அந்தத் தூள் முழுக்க ஆயிலுக்குள் போகும்.