‘உள்ளூர்ப் பெலெட்’ என்று மலிவாக வாங்கி ஏமாந்தேன்: சவர்லாண்ட், ஹம் பகுதியினர் கவனத்துக்கு

கடந்த வாரம் ஒரு விளம்பரத் தளத்தில் பழக்கமான நிழற்படம் ஒன்று மீண்டும் கண்ணில் பட்டது. ‘சொந்தக் காட்டு மரம், சொந்த இயந்திரம்’ என்ற வரியும் அப்படியே இருந்தது. தொலைபேசி இலக்கம் மட்டும் மாறியிருந்தது. 2022 இலையுதிர் காலத்தில் என்னிடம் 2,400 யூரோவை வாங்கிக்கொண்டு, எனது கொதிகலனையும் பழுதாக்கிய மனிதரின் விளம்பரம் அது. மரத்தூளை அழுத்திச் செய்யும் சிறு எரிகட்டிகளான பெலெட்டில் வீடு சூடாக்கும் தமிழ்க் குடும்பங்கள் யேர்மனியின் இந்தப் பகுதியில் இன்னும் சில இருப்பதால், நடந்ததை எழுதி வைக்கிறேன்.

அந்த ஆண்டின் நெருக்கடியைப் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். உக்ரைன் போரால் எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு வந்து, ரஷ்ய, பெலருஸ் மரப் பொருட்களின் இறக்குமதியும் தடைப்பட்டதில், முந்தைய ஆண்டின் பெரும்பகுதியில் தொன் ஒன்று 250 யூரோவுக்கும் குறைவாக விற்ற பெலெட், செப்டெம்பரில் 700 யூரோவைத் தாண்டியது. எமது வீட்டுக்கு ஒரு குளிர்காலத்துக்கு ஐந்து தொன் வேண்டும். வழக்கமாகத் தருபவர் ஜனவரிக்கு முன் முடியாது என்று கைவிரித்துவிட்டார். ஹம் காமாட்சி அம்பாள் கோயிலில் சந்தித்த ஒருவர், தானும் கேள்விப்பட்டதாகச் சொல்லி, நல்லெண்ணத்துடன்தான் இந்த மனிதரின் இலக்கத்தைத் தந்தார். விலை தொன்னுக்கு 480 யூரோ. பணம் கையில் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டு வேண்டாமென்றால் 7 சதவீத வரியும் இல்லை. அதற்கு நான் தலையாட்டினேன். இந்தக் கதையில் என்னுடைய பிழை அதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அவர் சொன்னது நம்பும்படியாகவும் இருந்தது. 2018 முதல் வறட்சியும் பட்டை வண்டுகளும் சேர்ந்து சவர்லாண்டின் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளைப் பெருமளவில் அழித்துவிட்டதால், தெருவோரமெங்கும் வெட்டிய மரங்கள் குவிந்து கிடந்தன. அவற்றை ஒருவர் தன் கொட்டகையிலேயே பெலெட்டாக்குகிறார் என்றால் அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஊமலையும் பன்னாடையையும் அடுப்பில் தள்ளி வளர்ந்த எனக்கு, எரிவதெல்லாம் எரிபொருள்தான் என்ற நினைப்பும் உள்ளூர இருந்திருக்க வேண்டும்.

உண்மையில் முறையான உள்ளூர்ப் பெலெட், பெரும்பாலும் மரம் அரியும் ஆலைகளோடு ஒட்டியே உற்பத்தியாகிறது. பட்டை நீக்கிய மரத்தை அரியும்போது விழும் தூளையும் சீவலையும் நன்றாக உலர்த்தி, மேலும் நொறுக்கி, துளையிட்ட உருக்கு அச்சினூடாகப் பேரழுத்தத்தில் தள்ளும்போது உண்டாகும் வெப்பத்தில் மரத்திலுள்ள லிக்னின் என்ற இயற்கைப் பிணைப்புப் பொருள் இளகி, பின்னர் ஆறி, துகள்களைப் பிடித்துக்கொள்கிறது, பசை தேவைப்படுவதில்லை. உலர்த்தும் வசதியில்லாதவர் பட்டையும் மண்ணுமாகக் கிடந்த மரத்தை அப்படியே அரைத்து அழுத்தினால் வெளிவருவது பெலெட் போலத் தோன்றுமே தவிர, விரலால் நசுக்கினாலே உதிரும்.

அவர் கொண்டுவந்த பாரவூர்தியில் நிறை அளக்கும் கருவி இல்லை. ‘ஐந்து தொன்’ என்று கைத்தாளில் எழுதிக் காட்டினார். அந்தத் தாளையும் திரும்ப எடுத்துக்கொண்டார். எமது களஞ்சிய அறை 2 மீற்றருக்கு 2.5 மீற்றர். முந்தைய ஆண்டின் ஐந்து தொன் எட்டிய உயரத்தைச் சுவரில் சோக்கினால் குறித்து வைத்திருந்தேன். இம்முறை மட்டம் அதற்கு 25 சென்றிமீற்றர் கீழே நின்றது. ஒரு கன மீற்றர் பெலெட் ஏறத்தாழ 650 கிலோ என்று கணக்கிட்டால், 800 கிலோ வரை குறைவு. (அளக்கப் போகிறவர்கள் உடனே உள்ளே இறங்க வேண்டாம். புதிய பெலெட்டிலிருந்து மணமற்ற காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயு வெளியேறும். கதவைத் திறந்து நெடுநேரம் காற்றோட விட்டு, வெளியே ஒருவரை நிறுத்திவிட்டே இறங்க வேண்டும். அளக்கும் கருவி கையில் இருந்தால் இன்னும் நல்லது.)

மூன்றாம் நாள் இரவு கொதிகலன் நின்றது. பெலெட்டைத் தள்ளும் திருகுத் தண்டைத் தூள் இறுக்கியிருந்தது. எரியும் கிண்ணத்தில் கண்ணாடி போல உருகி உறைந்த கட்டிகள் கிடந்தன. பட்டையும் மண்ணும் கலந்தால் சாம்பல் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும் என்று பழுதுபார்க்க வந்தவர் விளக்கினார். நான் ஒரு கிலோவை எடுத்துச் சமையலறை அரிதட்டில் சலித்தபோது 140 கிராம் தூளாக விழுந்தது. வாகனத்திலிருந்து குழாய் வழியாக ஊதும்போது ஓரளவு தூள் உண்டாவது இயல்பு, ஆனால், ஈ.என். பிளஸ் என்ற ஐரோப்பியத் தரச்சான்றின் ஏ1 தரப் பெலெட்டில் ஏற்றும் இடத்தில் தூள் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஈரப்பதம் 10 சதவீதத்தையும் சாம்பல் 0.7 சதவீதத்தையும் தாண்டக்கூடாது.

அடுத்த அடி புகைபோக்கிப் பரிசோதகரிடமிருந்து வந்தது. சிறு கொதிகலன்களில் குறித்த தரத்தை எட்டிய பெலெட்டை மட்டுமே எரிக்கலாம் என்பது இங்கே சட்டம் என்றும், மிச்சத்தை எரிக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். கொதிகலன் உற்பத்தியாளரும் அதே காரணத்தைக் காட்டி உத்தரவாதத்தை மறுத்தார். நுகர்வோர் ஆலோசனை நிலையத்தில் பொறுமையாகக் கேட்டார்கள். ஆனால், விற்றவரின் முகவரியோ பற்றுச்சீட்டோ இல்லாமல் யார்மீது முறையிடுவது? அவருடைய தொலைபேசி அதற்குள் துண்டிக்கப்பட்டிருந்தது. அறையை உறிஞ்சிச் சுத்தம் செய்யவும், திருகுத் தண்டை மாற்றவும், 700 யூரோவுக்கு மேல் கொடுத்து இரண்டு தொன் அவசரமாக வாங்கவும் நேர்ந்தது. விலையோ அடுத்த கோடையில் ஏறக்குறைய பாதியாக இறங்கியது.

இப்போது நான் விலை கேட்பதற்கு முன் தரச்சான்றின் அடையாள இலக்கத்தைக் கேட்கிறேன். நாட்டுக் குறியீட்டுடன் வரும் அந்த இலக்கம் விநியோகச் சீட்டிலும் பைகளிலும் இருக்க வேண்டும். அதைச் சான்றளிப்பவர்களின் பொதுப் பட்டியலில் எவரும் சரிபார்க்கலாம். முத்திரைப் படத்தை யாரும் ஒட்டிக்கொள்ளலாம் என்பதால், இலக்கமில்லாத முத்திரையை நான் கணக்கில் எடுப்பதில்லை. நிறைக்கருவி அச்சிட்ட சீட்டு கைக்கு வராமல் பணம் கொடுப்பதுமில்லை. இறக்குவதற்கு முன் ஒரு கைப்பிடி வாங்கி, சிலவற்றைத் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறேன். இறுக்கமாக அழுத்தியவை அடியில் அமிழும், அந்த மனிதருடையவற்றில் பல மிதந்தன.

அந்தப் பெலெட்டில் ஒரு வாளியை மூடி முத்திரையிட்டு வைத்திருக்கிறேன். உருகிய கட்டிகளும் நிழற்படங்களும் என்னிடம் உள்ளன. அதே படத்தைப் பார்த்து வாங்கியவர்கள் வேறு யாரேனும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். உங்களிடம் ஒரு வங்கிச் சீட்டோ, வாகன இலக்கத் தகட்டின் படமோ இருந்தால், நான் தனியாகச் செய்ய முடியாத முறைப்பாட்டை இருவராகச் செய்யலாம்.