கிரேக்கத் தயிர்: மெல்லப் பழகிய சுவை

முதல் கரண்டியில் கிரேக்கத் தயிரின் அடர்த்தியும் கூர்மையான புளிப்பும் எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. சாதாரணத் தயிரை வடிகட்டித் தெளிநீரை நீக்குவதால்தான் அது இவ்வளவு கெட்டியாகிறது என்பதையும், அதனாலேயே 100 கிராமில் ஏறத்தாழ 9 கிராம் புரதம் கிடைக்கிறது என்பதையும் அறிந்தபின், பொறுமையோடு மீண்டும் சுவைத்துப் பார்த்தேன்.

தேனும் வறுத்த வால்நட்டும் சேர்த்தபோது புளிப்பு இதமாக அடங்கியது. ஆயினும், துருவிய வெள்ளரிக்காய், பூண்டு, உப்பு, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைக் கலந்து, ஒரு மணி நேரம் குளிரவைத்து உண்பதே எனக்கு மிகவும் பிடித்தமானது. வெள்ளரியை நன்றாகப் பிழிந்து சேர்க்காவிட்டால் கலவை நீர்த்துப்போய், அந்த அருமையான வழவழப்பே கெட்டுவிடும். சர்க்கரை கலந்த பழச்சுவை வகைகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாவுப்பொருள் சேர்த்துக் கெட்டியாக்கியவற்றைத் தவிர்த்து, பாலும் உறையூட்டும் நுண்ணுயிர்களும் மட்டுமே அடங்கியதைத் தேர்ந்தெடுங்கள்.