பேட்டரியை மாற்றுவதா, மீட்டர் வைத்துப் பார்ப்பதா?

கிருஷ்ணகிரி பைபாஸ் பக்கம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஸ்டார்ட் ஆகாமல் முக்கினால், "பேட்டரியை மாத்திடுங்க சார்" என்பதுதான் முதலில் காதில் விழும். வேலை சீக்கிரம் முடியும். பேட்டரிக்கு நாலைந்து வயதாகியிருந்தால் தப்பும் இல்லை.

ஆனால் என் ஓட்டு, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டருக்குத்தான். வண்டி ஓய்வில் இருக்கும்போது 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. செல்ஃப் அடிக்கையில் 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரியைச் சந்தேகப்படலாம். 11-ஐ ஒட்டியே நின்றும் செல்ஃப் மந்தமாகச் சுற்றுகிறதா? அப்போது கேபிள், எர்த் (பேட்டரி நெகட்டிவ் பக்க இணைப்பு), செல்ஃப் மோட்டார் என்று தேட வேண்டியதுதான். பழைய போர்ஷே 911-இல் பேட்டரி முன்னால், இன்ஜின் பின்னால். முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5-இல் பேட்டரி டிக்கிக்குள். மின்சாரம் வண்டி நீளத்துக்கு நடந்து வர வேண்டும், வழியில் துரு பிடித்த ஒரு போல்ட் போதும்.

எர்த்தைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில். ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிப் பாருங்கள்.

அப்புறம், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் சுமார் 14 வோல்ட் வராவிட்டால், அது சரியாக சார்ஜ் ஆகவில்லை என்று அர்த்தம்; புதுப் பேட்டரி போட்டாலும் தொப்பூர் கணவாய் தாண்டுவதற்குள் இறங்கிவிடலாம்.