எலிசபெத் தெருவில் எட்டு கிரவுண்டு: தோட்டமா, 123 வீடா?

நியூயார்க்கில் லிட்டில் இத்தாலியை ஒட்டி, எலிசபெத் தெருவுக்கும் மாட் தெருவுக்கும் நடுவே மாநகராட்சிக்குச் சொந்தமான ஒரு மனை. சுமார் 20,000 சதுர அடி. சென்னைக் கணக்கில் எட்டு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேல். பள்ளிக்கூடம் இருந்து இடிபட்ட இடம். பாழாய்க் கிடந்ததை 1991இல் ஆலன் ரைவர் என்ற கலைப்பொருள் வியாபாரி மாத வாடகைக்கு எடுத்துச் சுத்தம் செய்தார். புல்தரை, மரங்கள், பழைய மாளிகைகளிலிருந்து வந்த கல்சிங்கங்கள், தூண்கள் என்று அது தோட்டமானது.

2012இல் அந்த வட்டாரக் கவுன்சிலர் மார்கரெட் சின் அங்கே குறைந்த வாடகை வீடு கட்ட வேண்டும் என்று கைகாட்டினார். அன்று தொடங்கிய இழுபறி.

முதல் திட்டம், 'ஹேவன் கிரீன்'. வருமானம் குறைந்த முதியவர்களுக்கு 123 ஒற்றை அறை வீடுகள். அதில் ஒரு பங்கு வீடில்லாமல் இருந்தவர்களுக்கு. மனையில் கொஞ்சம் திறந்தவெளியும் மிஞ்சும். 123 என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். அந்த வட்டாரத்துப் பழைய குடியிருப்புகளைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஐந்து, ஆறு மாடி, லிஃப்ட் கிடையாது. எழுபது வயதில் கறிகாய்ப் பையோடு குறுகலான படியேறுகிறவருக்கு, லிஃப்ட் உள்ள ஓர் அறை என்பது வேறு வாழ்க்கை. அதுவும் தன் கடை, தன் டாக்டர், தன் சீட்டாட்டத் தோழர்கள் இருக்கும் தெருவிலேயே. 2019இல் நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. வழக்கு மேல் வழக்காகப் போய், 2024இல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் மாநகராட்சி பக்கமே தீர்ப்புச் சொன்னது.

எதிர்ப்பக்கம் சொன்னது: வீடு வேறெங்கும் கட்டலாம், இந்தத் தோட்டத்தைத் திரும்ப உண்டாக்க முடியாது. நடிகர் ராபர்ட் டி நீரோ, இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செஸி, பாடகி பேட்டி ஸ்மித் எல்லாரும் கடிதம் எழுதினார்கள். பிரபலங்களின் கடிதம் என்றாலே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை. அதோடு, பல வருஷம் பக்கத்துக் கேலரி வழியாகத்தான் தோட்டத்துக்குள் போக முடியும். தெருப்பக்கக் கதவு பொதுமக்களுக்குத் திறந்ததே வீட்டுப் பேச்சு வந்தபிறகுதான். ஆனாலும் கான்கிரீட்டுக்கு நடுவே ஒரு மதியம் நிழலில் உட்கார இடம் தேடியவர்களுக்கு இந்தக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

தோட்டம் வேண்டும் என்றவர்கள் முன்வைத்த மாற்று மனை, ஹட்சன் தெரு 388. பெரிய இடம், அதிக வீடு. "அங்கேயும் கட்டுவோம், இங்கேயும் கட்டுவோம்" என்று மாநகராட்சி பதில் சொல்லிவிட்டது.

மூன்றாவது வழி 2025 ஜூனில் வந்தது. மேயர் எரிக் ஆடம்ஸ் ஹேவன் கிரீனைக் கைவிட்டார். பதிலுக்குக் கவுன்சிலர் கிறிஸ்டோபர் மார்ட்டே, பவரி, சஃபோக் தெரு, கோல்டு தெரு ஆகிய மூன்று இடங்களில் மண்டல விதியை (எங்கே என்ன, எவ்வளவு கட்டலாம் என்ற விதியை) மாற்ற ஒத்துழைப்பதாகச் சொன்னார். மொத்தம் 620க்கு மேல் குறைந்த வாடகை வீடுகள். கோல்டு தெரு இடத்தில் இருப்பது வீட்டுவசதித் துறையின் சொந்தத் தலைமையகம்.

123ஐவிட 620 ஐந்து மடங்கு. ஆனால் இது களாக்காய், பலாக்காய்க் கணக்கு. 123க்கு வரைபடம், கட்டுநர், ஒப்புதல், தீர்ப்பு எல்லாம் கையில் இருந்தன. 620க்கு விதிமாற்றமே முதல்படி. என் ஓட்டு ஹேவன் கிரீனுக்குத்தான். 620 வீட்டுக்கும் தேதி போட்டு எழுதிக் கொடுத்திருந்தால் மாற்றியிருப்பேன்.

தோட்டத்துக்கு மட்டும் பத்திரம் உடனே கிடைத்தது. வீடு கட்டியே தீருவேன் என்ற சோஹ்ரான் மம்தானி 2025 நவம்பரில் மேயர் தேர்தலில் வென்றதும், பதவியிலிருந்து இறங்கப்போன ஆடம்ஸ் அந்த மனையைப் பூங்கா நிலமாக அறிவித்துவிட்டார். பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்கு எடுக்க மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மேயர் கையெழுத்து போதாது. மாத வாடகை மனைக்கு அவ்வளவு பெரிய பூட்டு. மூன்று இடத்து வீடுகளுக்கு அப்படியொரு பூட்டை யாரும் போடவில்லை.